ஜேம்ஸ் யங் சிம்ப்சன் உண்மையில் செய்தது என்ன?

ஸ்காட்லாந்தின் மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சனைப் பற்றிக் கேட்டிருப்பது மூன்று விஷயங்கள். குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தைக் கண்டுபிடித்தவர் அவர்தானா? விக்டோரியா ராணிக்கு வலி தெரியாமல் பிரசவம் பார்த்தவர் அவர்தானா? அதற்காகப் பாதிரியார்கள் அவர் மேல் பாய்ந்தார்களா? பொது அறிவுப் புத்தகங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் மூன்றுக்குமே ஆமாம் என்றுதான் பதில் இருக்கும். முதல் இரண்டுக்கும் சரியான பதில், ‘இல்லை’. மூன்றாவதற்கு, ‘பெரிதாக இல்லை’.

இந்த மூன்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சிம்ப்சன் பெரிய மனிதர்தான் என்பது என் எண்ணம். பெண் பட்டுத்தான் தீர வேண்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டிருந்த பிரசவ வலியை, டாக்டர் பொறுப்பேற்றுத் தணிக்க வேண்டிய ஒன்றாக அவர் எடுத்துக்கொண்டார். எத்தனை பேர் எதிர்த்தும் அதிலிருந்து பின்வாங்கவில்லை. அந்தப் பிடிவாதமே வேறு இடங்களில் அவரைத் தப்பான பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் முழுதாகத் தெரிவார்.

1811 ஜூன் 7-ஆம் தேதி ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்கு மேற்கே உள்ள பாத்கேட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா டேவிட், ரொட்டிக்கடைக்காரர். அவருக்கு இவர் ஏழாவது மகன். ஒன்பது வயதில் அம்மா போய்விட்டார். வசதி இல்லாத வீடு. ஆனால் இந்தப் பையன் படிப்பான் என்று தெரிந்ததும் குடும்பம் மொத்தமும் அவன் பின்னால் நின்றது. முக்கியமாக அண்ணன் அலெக்சாண்டர். வீட்டில் எல்லோரும் சாண்டி என்று கூப்பிட்ட அந்த அண்ணன்தான் கடைசிவரை தம்பிக்குத் தூண். 14 வயதில் சிம்ப்சன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

மாணவராக இருந்தபோது நடந்ததாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ராபர்ட் லிஸ்டன் அந்தக் காலத்தின் மிக வேகமான அறுவை மருத்துவர். ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து வந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு அவர் மார்பகத்தை அறுத்து எடுத்தார். மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலம். பார்த்துக்கொண்டிருந்த சிம்ப்சன் தாங்க முடியாமல் வெளியேறி நேரே நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய், குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று கேட்டாராம். அப்புறம் மனம் மாறித் திரும்பி வந்தார். இந்த வேதனையைக் குறைக்க ஏதாவது செய்ய முடியுமா என்ற கேள்வி அன்றிலிருந்து அவரை விடவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் அதை நம்பலாம் என்றே தோன்றுகிறது.

19 வயது நிறைவதற்குள் அறுவை மருத்துவக் கல்லூரியின் உரிமம் வாங்கிவிட்டார். 1832-ல் எம்.டி. அவருடைய ஆய்வுரையைப் படித்த நோய்க்குறியியல் பேராசிரியர் ஜான் தாம்சன் அவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். மகப்பேறு பக்கம் போ என்று வழிகாட்டியவரும் அவர்தான். அது மரியாதையான துறையாகக் கருதப்படாத காலம். பிரசவம் பார்ப்பது மருத்துவச்சி வேலை, படித்த ஆணுக்கு ஏற்றதில்லை என்று பெரிய மருத்துவர்கள் பலர் நினைத்தார்கள்.

1839-ல் எடின்பரோவின் மகப்பேறுப் பேராசிரியர் ஜேம்ஸ் ஹாமில்டன் பதவி விலகினார். 28 வயது சிம்ப்சன் அந்த இடத்துக்குப் போட்டியிட்டார். பேராசிரியரைத் தேர்ந்தெடுப்பது அப்போது பல்கலைக்கழகமில்லை, நகர மன்றம். அதனால் உண்மையான தேர்தலாகவே நடந்தது. சான்றுக் கடிதங்களை அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். கடன் வாங்கிச் செலவழித்தார். வயது குறைவு என்றார்கள். கல்யாணம் ஆகாத பையன் பிரசவப் பாடம் எடுப்பதா என்றும் கேட்டார்கள். வயதை மாற்ற முடியாது, இன்னொன்றை மாற்றலாமே! லிவர்பூல் போய், உறவுக்காரப் பெண்ணான ஜெஸ்ஸி கிரிண்ட்லேயை டிசம்பர் 26 அன்று மணந்துகொண்டு திரும்பினார். 1840 பிப்ரவரி 4-ல் வாக்கெடுப்பு. 17-க்கு 16. ஒரே ஓட்டில் ஜெயித்தார். அன்றே மாமனாருக்கு எழுதிய கடிதத்தில், ஜெஸ்ஸிக்கும் எனக்கும் தேனிலவு நாளைதான் தொடங்குகிறது என்று குறிப்பிட்டார்.

சில ஆண்டுகளிலேயே அவர் வகுப்பில் இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம். 1845-ல் குடிபோன 52, குயின் ஸ்ட்ரீட் வீடு எந்நேரமும் நிரம்பியிருக்கும். சீமாட்டிகளும் சந்தைக்காரப் பெண்களும் ஒரே வீட்டில் காத்திருந்தார்கள். கணக்கு வழக்கு பார்ப்பதில் அவர் படுமோசம். கடிதங்களுக்குப் பதில் போகாது, கட்டணம் வாங்க மறந்துவிடுவார், வெளியூரில் ஒரு நோயாளி காத்திருக்க உள்ளூரில் இன்னொருவர் வீட்டில் இருப்பார். கோபித்துக்கொண்டவர்கள் பலர். விட்டுப்போனவர்கள் குறைவு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரைப் பயன்படுத்தி ஒருவரை மயங்கவைத்து அறுவை செய்ய முடியும் என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். டிசம்பர் 21-ல் அதே லிஸ்டன் லண்டனில் ஈதர் கொடுத்து ஒருவரின் காலை அகற்றினார். அறுவை மருத்துவர்கள் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். அறுவையில் முடிவது பிரசவத்தில் முடியாதா என்று உடனே கேட்டவர் சிம்ப்சன்.

இது சாதாரணக் கேள்வி இல்லை. அறுவையின்போது நோயாளி கட்டையாகக் கிடந்தால் போதும். பிரசவத்தில் கர்ப்பப்பை தொடர்ந்து சுருங்கி விரிந்து வேலை செய்ய வேண்டும். வலியை எடுத்தால் சுருக்கமும் நின்றுவிடுமோ? குழந்தை பாதியில் மாட்டிக்கொள்ளுமோ? அப்புறம் ரத்தப்போக்கு? யாருக்கும் விடை தெரியாது.

1847 ஜனவரி 19 அன்று அவர் அதைச் சோதித்தார். ரிக்கெட்ஸ் நோயால் இடுப்பெலும்பு கோணிப்போன ஒரு பெண். தொழில் நகரங்களின் புகையிலும் பசியிலும் வளர்ந்த பெண்களிடம் அன்று அடிக்கடி காணப்பட்ட குறை அது. வழி குறுகி இருப்பதால் குழந்தையின் தலை வெளியே வராது. வயிற்றைக் கிழித்து எடுத்தால் தாய் பிழைப்பது அரிது. ஆகவே குழந்தையின் தலையை உள்ளேயே உடைத்துத்தான் எடுப்பார்கள். இந்தப் பெண்ணின் முந்தைய பிரசவம் அப்படித்தான் முடிந்திருந்தது. சிம்ப்சன் ஈதர் கொடுத்து, கையை உள்ளே செலுத்திக் குழந்தையைத் திருப்பி, காலைப் பிடித்து எடுத்தார். குழந்தை சிறிது நேரம் மூச்சுக்குத் தவித்து இறந்தது. தாய் நலமாக எழுந்தாள். வலி நின்ற பிறகும் கர்ப்பப்பை சுருங்கிக்கொண்டே இருந்தது என்பதுதான் அன்று தெரிந்த பெரிய உண்மை. மயக்கப் பிரசவம் முழுவதும் இந்த ஒரு கண்டறிதலின் மேல்தான் நிற்கிறது.

அதே நாட்களில்தான் ஸ்காட்லாந்தில் ராணியின் மகப்பேறு மருத்துவர் என்ற பட்டமும் அவருக்கு வந்தது. ராணி தந்த கௌரவத்தைவிட இந்த வாரம் ஒரு பெண்ணுக்கு வலியில்லாமல் பிரசவம் பார்த்ததுதான் பெரிதாகத் தெரிகிறது என்று அண்ணன் சாண்டிக்கு எழுதினார். ராணியின் பிரசவம் பற்றிய கதை கிளம்பியதற்கு இந்தப் பட்டமும் ஒரு காரணம். பட்டம் ஸ்காட்லாந்துக்கு மட்டும்தான். ராணியின் பிரசவ அறையில் அவர் கால்வைத்ததில்லை.

ஈதரில் சங்கடங்கள் இருந்தன. தொண்டையை எரிக்கும், இருமல் வரும், நிறையத் தேவைப்படும். பிரசவம் பெரும்பாலும் வீட்டில், மெழுகுவத்தியும் கணப்பும் எரியும் அறையில் நடக்கும். ஈதரோ பக்கென்று பற்றிக்கொள்ளும் பொருள். பாட்டில் பாட்டிலாகத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி, நெருப்புப் பக்கத்தில் வைத்து மணிக்கணக்கில் கொடுப்பது நடக்காத காரியம். வேறு ஏதாவது இருக்குமா என்று தேடத் தொடங்கினார். தேடிய விதம் இன்று கேட்டால் நெஞ்சு பதறும். கிடைக்கிற ஆவியாகும் திரவங்களையெல்லாம் வரவழைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தானும் உதவியாளர்களான ஜார்ஜ் கீத்தும் மேத்யூஸ் டங்கனும் முகர்ந்து பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுப் பேராசிரியர் மில்லர் காலையில் வந்து, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பாராம்.

குளோரோஃபார்ம் அப்போது புதுப் பொருளே இல்லை. 1831 வாக்கிலேயே அமெரிக்காவில் கத்ரி, பிரான்சில் சூபெரான், ஜெர்மனியில் லீபிக் என்று மூன்று பேர் தனித்தனியாக அதைத் தயாரித்துவிட்டார்கள். 1847 மார்ச்சில் பிரெஞ்சு அறிஞர் ஃப்ளூரன்ஸ் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, மயக்கம் தருகிறது என்று அறிவித்தும் இருந்தார். சிம்ப்சனுக்கு அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவர் டேவிட் வால்டி. ஸ்காட்லாந்துக்காரர், லிவர்பூல் மருந்துக் கம்பெனி ஒன்றின் வேதியியலாளர். நானே தூய்மையாகச் செய்து அனுப்புகிறேன் என்று சொன்னார். அவருடைய ஆய்வுக்கூடம் தீப்பற்றியதால் தாமதமானது. சிம்ப்சன் காத்திருக்கவில்லை. எடின்பரோவிலேயே டங்கன் ஃப்ளாக்ஹார்ட் கம்பெனியிடம் வாங்கிக்கொண்டார்.

1847 நவம்பர் 4 இரவு, குயின் ஸ்ட்ரீட் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. மூவரும் டம்ளரில் ஊற்றி முகர்ந்தார்கள். முதலில் ஒரே உற்சாகம், வாய் ஓயாத பேச்சு. அப்புறம் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் சாய்ந்தார்கள். முதலில் கண்விழித்த சிம்ப்சனுக்கு இது ஈதரைவிடப் பலமானது என்று உடனே தோன்றிவிட்டது. வீட்டுப் பெண்களில் ஜெஸ்ஸியின் உறவான மிஸ் பெட்ரீ துணிந்து முகர்ந்து, நான் தேவதை என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். இது விளையாட்டாகத் தெரியலாம். அளவு கொஞ்சம் கூடியிருந்தால் காலையில் மில்லர் நான்கைந்து பிணங்களைப் பார்த்திருப்பார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. தரவும் கூடாது.

நான்கே நாள் கழித்து, நவம்பர் 8-ல் முதல் குளோரோஃபார்ம் பிரசவம். ஜேன் கார்ஸ்டேர்ஸ் என்ற பெண், ஒரு டாக்டரின் மனைவி. தலைப்பிரசவத்தில் மூன்று நாள் துடித்து, கடைசியில் குழந்தையின் தலையை உடைத்து எடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை வலி கண்டு மூன்றரை மணி நேரத்தில், கைக்குட்டையைப் புனல் மாதிரிச் சுருட்டி, அரைக் கரண்டி குளோரோஃபார்மை நனைத்து மூக்கருகில் பிடித்தார். சுமார் 25 நிமிடத்தில் குழந்தை பிறந்தது. கண்விழித்த தாய், நன்றாகத் தூங்கினேன், இனி பிரசவ வேலையைப் பார்க்கத் தெம்பு வந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். குழந்தையைக் கொண்டுவந்து காட்டியும் அது தன் குழந்தைதான் என்று அவரை நம்பவைக்கச் சிரமப்பட்டார்கள். நானூறு பக்கப் புத்தகம் எழுதினாலும் சிம்ப்சன் செய்ததை இதைவிட நன்றாக விளக்க முடியாது.

அந்தக் குழந்தைக்கு அனஸ்தீசியா என்று பெயர் வைத்தார்கள் என்று எங்கும் எழுதப்பட்டிருக்கும். அது தவறு. ஞானஸ்நானப் பதிவில் உள்ள பெயர் வில்ஹெல்மினா. பின்னாளில் அந்தப் பெண்ணின் படத்தைச் சிம்ப்சன் தன் மேஜைக்கு மேலே மாட்டி, புனித அனஸ்தீசியா என்று செல்லமாகக் குறிப்பிட்டார். அதுவே பெயராகிவிட்டது.

நவம்பர் 10-ல் எடின்பரோ மருத்துவச் சங்கத்தில் அறிவித்தார். சில நாளில் சிறு வெளியீடாக அச்சிட்டார். ஆயிரக்கணக்கில் விற்றது. வால்டியின் பெயர் அதில் ஓர் அடிக்குறிப்பில் மட்டும் வந்தது. எனக்கு இது நெருடல்தான். வால்டி பிறகு கல்கத்தாவுக்குப் போய் வேதிப்பொருள் தொழிற்சாலை தொடங்கினார், அங்கேயே வாழ்ந்தார். 1870-ல் தன் தரப்பைச் சிறு நூலாக வெளியிட்டார். அப்படியென்றால் பெருமை யாருக்கு? தயாரித்தவர்கள் மூவர், யோசனை சொன்னவர் வால்டி, மனிதரிடம் சோதித்து ஒரே வாரத்தில் உலகறியச் செய்து, எதிர்ப்பையெல்லாம் தன் தலையில் வாங்கிக்கொண்டவர் சிம்ப்சன். கடைசி வேலைக்கான பெருமை அவருக்கே சேரும். முதல் இரண்டுக்கும் அவர் உரிமை கோர முடியாது.

மத எதிர்ப்புக்கு வருகிறேன். வேதனையோடே பிள்ளை பெறுவாய் என்று ஏவாளிடம் கடவுள் சொன்னதாக பைபிளில் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அதைக் காட்டித் திருச்சபை ஒன்றுதிரண்டு எதிர்த்தது என்பது பரவலான கதை. சிம்ப்சனே 1847 டிசம்பரில் மத ஆட்சேபங்களுக்குப் பதில் என்று ஒரு வெளியீடு போட்டார். ஆதாமின் விலா எலும்பை எடுப்பதற்கு முன் கடவுளே அவனுக்கு ஆழ்ந்த உறக்கம் வரப்பண்ணினாரே, அது இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறதே என்று அதில் வாதாடினார். அவரே நல்ல கிறிஸ்தவர், வேதத்தில் ஊறியவர். ஆனால் அந்த ஆண்டுகளின் பத்திரிகைகளையும் பிரசங்கங்களையும் பின்னாளில் தேடிப் பார்த்த வரலாற்றாசிரியர்களுக்குத் திருச்சபைகளின் அமைப்பு ரீதியான எதிர்ப்பு எதுவும் அகப்படவில்லை. தனிப்பட்ட சிலர் முணுமுணுத்திருக்கிறார்கள். சிம்ப்சன் வரப்போகிற எதிர்ப்புக்கு முன்கூட்டியே பதில் எழுதிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பதிலைப் படித்தவர்கள் பெரும் போர் நடந்ததாக முடிவுகட்டிவிட்டார்கள்.

உண்மையான எதிர்ப்பு டாக்டர்களிடமிருந்து வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் சார்லஸ் மீக்ஸ் பெரிய மகப்பேறுப் பேராசிரியர். பிரசவ வலி இயற்கையானது, பயனுள்ளது, குழந்தையின் தலையைப் பிடித்து இழுக்க ஆயுதம் போடும்போது தாய்க்கு எங்கே வலிக்கிறது என்பதே டாக்டருக்கு வழிகாட்டி என்று அவர் எழுதினார். சிம்ப்சன் விடவில்லை. நடப்பதும்தான் இயற்கை, அதற்காக யாராவது வண்டி ஏறாமல் இருக்கிறார்களா என்று கேட்டார். அயர்லாந்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, வலியை எடுப்பது இயற்கைக்கு விரோதம் என்று சொன்னபோது, காற்றுக்கும் அலைக்கும் எதிராக நீராவிக் கப்பலில் கடலைத் தாண்டி வந்தீர்களே, அதுவும் இயற்கைக்கு விரோதம்தானே என்று பதில் சொன்னார்.

வாய்ச்சாமர்த்தியத்தோடு அவர் நிற்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டப்ளின் பிரசவ மருத்துவமனையின் பதிவேட்டுக் கணக்குகளை எடுத்துக் காட்டினார். இரண்டு மணி நேரத்துக்குள் பிரசவித்தவர்களில் 320 பேருக்கு ஒருவர் இறந்தார். 36 மணி நேரத்துக்கு மேல் வலிப்பட்டவர்களில் ஆறு பேருக்கு ஒருவர். நீண்ட வேதனை உடம்புக்கு நல்லது என்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள் என்பது அவர் வாதம். நேரம் நீண்டதே வேறு சிக்கலால் இருக்கலாம் என்று நாம் இன்று சொல்வோம். அது சரியான ஆட்சேபம். ஆனாலும் பிரசவ வலியைப் பற்றி எண்களை வைத்துப் பேச வேண்டும் என்று நினைத்தவர்கள் அப்போது எத்தனை பேர்?

ராணி கதை இப்படி. 1853 ஏப்ரல் 7, எட்டாவது குழந்தை லியோபோல்டின் பிரசவம். குளோரோஃபார்ம் கொடுத்தவர் லண்டனின் ஜான் ஸ்னோ. காலரா தண்ணீர் வழியே பரவுகிறது என்று காட்டினாரே, அவரேதான். மடித்த கைக்குட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக, முழு மயக்கம் வராமல், 53 நிமிடம் கொடுத்தார். ராணி தன் நாட்குறிப்பில் அதை வாயார வாழ்த்தியிருக்கிறார். 1857-ல் பியாட்ரிஸ் பிறந்தபோதும் ஸ்னோவே வந்தார். அரண்மனை மருத்துவர் ஜேம்ஸ் கிளார்க் 1853-ல் சிம்ப்சனுக்குக் கடிதம் எழுதிச் செய்தி சொன்னார். அவ்வளவுதான் அவருக்கும் அந்தப் பிரசவத்துக்கும் உள்ள சம்பந்தம். ஆனால் ராணியே வாங்கிக்கொண்ட பிறகு, சாதாரணப் பிரசவத்துக்கு இது தேவையா என்று லான்செட் மருத்துவ இதழ் முகம் சுளித்தும் பயனில்லை. மேட்டுக்குடிப் பெண்கள் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்.

குளோரோஃபார்ம் உயிரையும் எடுத்தது. இதைச் சொல்லாமல் சிம்ப்சனைப் புகழ்வது நேர்மையாகாது. 1848 ஜனவரி 28-ல் நியூகாசில் அருகே ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுத்ததும் சில நிமிடங்களில் இறந்தாள். தெளியவைக்க வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும் மூச்சை அடைத்தன, மருந்து காரணமில்லை என்று சிம்ப்சன் வாதிட்டார். மரணங்கள் தொடர்ந்தன. ஜான் ஸ்னோ அப்படிப்பட்ட 50 மரணங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். காற்றில் எத்தனை பங்கு ஆவி என்று அளந்து கொடுக்கும் கருவிகளையும் செய்தார். சிம்ப்சனும் எடின்பரோக்காரர்களும் கைக்குட்டை போதும், மூச்சைக் கவனித்தால் போதும் என்றே இருந்தார்கள். இங்கே ஸ்னோதான் சரி. நம் நாட்டிலும் இந்தச் சண்டை நடந்தது. 1888-லும் 1889-லும் நிஜாமின் பணத்தில் ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன்கள் கூடின. நடத்திய எட்வர்ட் லாரி எடின்பரோவில் படித்தவர். மூச்சு நின்றுதான் சாகிறார்கள், இதயம் நின்று சாவதில்லை என்றே அவை முடிவு சொன்னன. 1911-ல் லெவி என்ற ஆய்வாளர், லேசான குளோரோஃபார்ம் மயக்கத்திலேயே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிட முடியும் என்று காட்டிய பிறகே விஷயம் தெளிந்தது.

சிம்ப்சனின் பிடிவாதம் கெடுத்த இடங்கள் இன்னும் உண்டு. வியன்னாவில் செமல்வைஸ், மருத்துவர்கள் கை கழுவினால் பிரசவ ஜன்னி குறைகிறது என்று கண்டபோது, அவர் நண்பர்கள் சிம்ப்சனுக்கும் கடிதம் எழுதினார்கள். ஆங்கில மருத்துவ நூல்களைப் படித்திருந்தால் இது தெரிந்த விஷயம் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும் என்ற தோரணையில் பதில் வந்தது. இதில் பாதி நியாயம் உண்டு. அபர்டீனின் அலெக்சாண்டர் கார்டன் 1795-லேயே இந்த ஜன்னி மருத்துவர், மருத்துவச்சி மூலம் தொற்றுகிறது என்று எழுதிவிட்டார். சிம்ப்சனும் தொற்று என்பதை ஏற்றவர்தான். ஆனால் தொற்று ஜன்னி கண்ட நோயாளிகளிடமிருந்து மட்டும் வருவதில்லை, பிணப் பரிசோதனை செய்த கையிலிருந்தும் வருகிறது என்ற செமல்வைஸின் புது விஷயத்தை அவர் அப்போது கவனிக்கவில்லை.

லிஸ்டர் விஷயம் இதைவிடக் கஷ்டமானது. ரத்தக் குழாயை நூலால் கட்டாமல் ஊசி குத்தி அழுத்தி ரத்தத்தை நிறுத்தும் ஒரு முறையைச் சிம்ப்சன் உருவாக்கியிருந்தார். அதற்காக எடின்பரோ அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமுடன் பகை. சைம் மாணவர்கள் முன்னால் சிம்ப்சனின் வெளியீட்டைக் கிழித்துப்போட்டார். அந்த சைமின் மருமகன் ஜோசப் லிஸ்டர். 1867-ல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ்வைக்காமல் தடுக்கும் முறையை அறிவித்தபோது, இது பிரான்சில் ஏற்கெனவே சொன்னதுதான் என்று சிம்ப்சன் தாக்கினார். குடும்பப் பகையும் தன் ஊசி முறை மேல் இருந்த ஆசையும் கண்ணை மறைத்தன என்றே நினைக்கிறேன்.

வேதனை என்னவென்றால், அதே ஆண்டுகளில் அவர் சேர்த்த கணக்குதான் லிஸ்டரின் முறை ஏன் தேவை என்பதற்கு மிகப் பெரிய சாட்சி. கிராமத்து வீடுகளில் கை கால் அகற்றப்பட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் பேரையும், பெரிய மருத்துவமனைகளில் அதே அறுவை நடந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரையும் ஒப்பிட்டார். வீட்டில் இறந்தவர்கள் சுமார் 11 சதவீதம். மருத்துவமனையில் 41 சதவீதம். மருத்துவமனைக் கட்டடமே கொல்கிறது, அதை இடித்துவிட்டு இரும்பில் சிறு சிறு குடில்கள் போடுங்கள் என்றார். நோயைச் சரியாகக் கண்டவர், பக்கத்திலேயே இருந்த மருந்தைத் தள்ளிவிட்டார்.

1866 ஜனவரியில் பரம்பரையாக வரும் பேரனெட் பட்டம் வந்தது. வலி வெல்லப்பட்டது என்ற பொருள்படும் லத்தீன் வாசகத்தைத் தன் குலச்சின்னத்துக்கு எடுத்துக்கொண்டார். சில நாளிலேயே, டாக்டருக்குப் படித்திருந்த மூத்த மகன் டேவிட் இறந்தான். அடுத்த சில வாரங்களில் மகள் ஜெஸ்ஸி. முதல் மகள் மேகி 1844-லேயே போயிருந்தாள். பெற்ற ஒன்பது பிள்ளைகளில் பாதியைத் தானே புதைத்த மனிதர், ஊர்ப் பிள்ளைகளின் பிறப்புக்கு ஓடிக்கொண்டே இருந்தார். இடையில் கிடைத்த நேரத்தில் பழங்காலப் பாறைச் செதுக்கல்களைப் பற்றி எழுதினார், பழைய தொழுநோய் இல்லங்களின் வரலாற்றைத் தேடினார். பெண்கள் மருத்துவம் படிப்பதைப் பலர் எதிர்த்த காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த எமிலி பிளாக்வெல்லைத் தன்னிடம் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்.

1870 மே 6-ல், 58 வயதில், இதய நோயால் இறந்தார். படுக்கையில் இருந்தபோதும் மயக்க மருந்தின் பெருமை யாருக்கு என்று பாஸ்டன் மருத்துவர் பிகிலோவுக்கு நீண்ட பதில் எழுதிக்கொண்டிருந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தார் பிள்ளைகள் கிடக்கும் எடின்பரோ வாரிஸ்டன் கல்லறையையே தேர்ந்தெடுத்தார்கள். இறுதி ஊர்வலத்தைப் பார்க்க நகரமே தெருவில் நின்றது.

அவர் செய்ததில் இன்று எது மிச்சம் என்றும் கேட்கலாம். குளோரோஃபார்ம் போய்விட்டது, இன்று வலிக்கு முதுகில் ஊசி போடுகிறோம். ஊசியால் ரத்தம் நிறுத்தும் முறையும் போய்விட்டது. நஞ்சுக்கொடி வழியை மறைத்து நிற்கும் பிரசவத்தில் குழந்தைக்கு முன் நஞ்சை முழுதாகப் பிரித்தெடுக்கலாம் என்று அவர் சொன்ன யோசனை தவறானது, அதுவும் போய்விட்டது. வால் எலும்பு வலியை 1859-ல் தனி நோயாக விவரித்துப் பெயர் வைத்தார், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1848-ல் அவர் வடிவமைத்த ஆயுதம் சிம்ப்சன் ஃபோர்செப்ஸ் என்ற பெயரிலேயே நம் பிரசவ அறைகளிலும் இருக்கிறது. அதே காலத்தில் குழந்தையின் தலையில் கிண்ணத்தை ஒட்டவைத்துக் காற்றை உறிஞ்சி இழுக்கும் ஒரு கருவியையும் செய்தார். பிடி நிற்கவில்லை, கைவிட்டார். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1950-களில் சுவீடனின் மால்ம்ஸ்ட்ரோம் உலோகக் கிண்ணத்தோடு அதைச் சரிசெய்தார். இன்று வாக்யூம் போட்டு எடுத்தார்கள் என்று சொல்கிறோமே, அதற்கு முன்னோடி அந்தக் கைவிட்ட கருவிதான்.